சும்மா கிடைத்த பலகை

வாழைச்சேனையில் ஒரு வளவின் வேலியோரம், லொறிச் சரக்குக்கு அடியில் வரும் பலட் பலகையை அடுக்கி, மேலே பழைய தகரம் போட்டு, தகரம் பறக்காமல் கல்லும் வைத்திருந்தால், அங்கே குடியிருப்பவரின் குணத்தைப் பற்றி மேலும் விசாரிக்கத் தேவையில்லை. அவர்தான் பலட் அண்ணன். ஊருக்கு ஒருவராவது இருக்கிறார். கல்குடாவில் இருப்பவரும் ஓட்டமாவடியில் இருப்பவரும் பேத்தாழையில் இருப்பவரும் ஒருவரையொருவர் சற்றுச் சந்தேகத்தோடுதான் பார்த்துக்கொள்வார்கள். வருகிற லொறி ஒன்றுதானே. கொழும்பிலிருந்து தரையோடும் கண்ணாடியும் இயந்திரமும் ஏற்றிய லொறி ஹாட்வெயார் கடை வாசலில் நின்றால், கடை முதலாளிக்கு முன்னால் இவர் நிற்பார். சரக்கை அவர் பார்ப்பதில்லை. குனிந்து சரக்குக்குக் கீழே பார்ப்பார். "தம்பி, இத என்ன செய்யப் போறீங்க?" என்ற கேள்வியில் இருக்கும் பணிவு, பெண் கேட்டுப் போகிறவர்களிடம்கூட இருக்காது. போர் முடிந்து பாசிக்குடாக் கரையில் ஹோட்டல்கள் வரிசையாக எழும்பிய ஆண்டுகளைத் தம் வாழ்வின் பொற்காலம் என்று அவர் சொல்வார். ஹோட்டலில் ஒரு நாளும் தங்கியதில்லை. ஹோட்டலுக்கு வந்த குளிரூட்டிகள் எந்தப் பலகையின் மேல் உட்கார்ந்து வந்தன என்பது மட்டும் தெரியும். ஊர் அவரைக் கஞ்சன் என்கிறது. இது அநியாயம். கஞ்சனாக இருந்திருந்தால் இவ்வளவு செலவழித்திருக்க மாட்டார். அவர்மேல் வைக்க வேண்டிய வழக்கு வேறு: அவர் குறைவாக வேலை செய்யும் இடத்தில் பயனுள்ள பொருள் பிறக்கிறது, பாடுபட்டு வேலை செய்யும் இடத்தில் செற்றி பிறக்கிறது.

செலவுக் கணக்கை முதலில் பார்ப்போம். ஐரோப்பிய ரயில்வேகள் 1961இல் தங்களுக்குள் பொதுவாக ஏற்றுக்கொண்ட பலட்டின் அளவு 1200 மில்லிமீற்றர் நீளம், 800 அகலம், 144 உயரம். அதில் 11 பலகைகள், 9 கட்டைகள், 78 ஆணிகள். எடை ஏறத்தாழ 25 கிலோ. நம் பக்கம் வருவதெல்லாம் இந்த அளவில் இருப்பதில்லை, சிலது ரப்பர் மரம், சிலது எந்த நாட்டுக் கட்டை என்று கட்டைக்கே தெரியாது. என்றாலும் கணக்குப் பார்க்க இது வசதி. அந்த 78 ஆணியும் சாதாரண ஆணி அல்ல. இறங்கிய பின் எழும்பி வரக் கூடாது என்பதற்காக உடம்பில் வளையமோ முறுக்கோ இட்டுச் செய்தவை. பலட்டைச் செய்தவனின் முழு அறிவும் அது பிரியாமல் இருப்பதில் செலவாகியிருக்கிறது. நம்மவரின் முழு ஞாயிற்றுக்கிழமையும் அதைப் பிரிப்பதில் செலவாகிறது. அலவாங்கைக் கொடுத்து நெம்பினால் ஆணி வராது, பலகையின் நுனி பிளந்து வரும். பிளந்த நுனியை அறுத்தால் பலகை குட்டையாகும். குட்டையானதை ஒட்ட வேண்டும். ஒட்டப் பசை, இறுக்க கிளாம்ப், இழைக்க மின்சார சீவுளி, உள்ளே முறிந்து கிடந்த ஆணித் துண்டு தின்ற சீவுளித் தகட்டுக்கு மாற்றுத் தகடு, பிறகு சான்ட் பேப்பர், பிறகு வார்னிஷ், எல்லாம் முடிந்தபின் மெத்தை. இதில் ஒன்றும் சும்மா கிடைப்பதில்லை. இவற்றையெல்லாம் அவர் எந்தக் கடையில் பலட் கேட்டு நின்றாரோ அந்தக் கடையிலேயே வாங்குகிறார். முதலாளி ஏன் பலட்டைச் சிரித்த முகத்தோடு கொடுத்தார் என்பது அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஊரில் உள்ள ஓடாவியிடம் இதைக் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். கொடுத்துப் பார்த்திருப்பார். ஆணி இருக்கும் பலகையில் தன் சீவுளியை வைக்க எந்த ஓடாவியும் சம்மதிக்க மாட்டார். முதிரையிலும் தேக்கிலும் கை பழகியவர், பலட்டைத் தொடாமல் காலால் ஒரு தட்டுத் தட்டிச் சத்தம் கேட்டுவிட்டு, "அடுப்புக்கு நல்லம்" என்று மட்டும் சொல்வார். அந்த ஒரு வாக்கியத்தால்தான் பலட் அண்ணன் தச்சரானார்.

அவருடைய படிப்பையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. பலட்டின் பக்கக் கட்டையில் ஒரு முத்திரை இருக்கும்: கதிர் போன்ற ஒரு சின்னம், நாட்டின் இரண்டெழுத்து, ஓர் எண், முடிவில் எச்.டி. அல்லது எம்.பி. மரப் பொதிக்குள் வண்டும் புழுவும் ஒளிந்து நாடு விட்டு நாடு போய்க் காடுகளை அழித்ததால், 2002இல் உலக நாடுகள் ஒரு விதி வகுத்தன. மரத்தின் நடுப்பகுதிவரை 56 பாகை செல்சியசில் குறைந்தது 30 நிமிடம் சூடேற்ற வேண்டும், அது எச்.டி.; அல்லது மெதைல் புரோமைட் வாயுவில் புகையூட்ட வேண்டும், அது எம்.பி. அந்த வாயு ஓசோன் படலத்துக்குக் கேடு என்பதால் மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் மற்றத் தேவைகளுக்கு நிறுத்தப்பட்டுவிட்டது. துறைமுகக் கிருமித்தடுப்புக்கு மட்டும் விலக்கு உண்டு. இவ்வளவும் பலட் அண்ணனுக்கு மனப்பாடம். எம்.பி. முத்திரையைக் கண்டால் இரண்டடி பின்னால் போவார், எச்.டி. என்றால் அணைத்துக்கொள்வார். பிழை அதற்குப் பிறகு வருகிறது. "இது சூடு காட்டின பலகை, இனிக் கறையான் கிட்டவும் வராது" என்பார். சூடு கொல்வது உள்ளே இருந்த பூச்சியைத்தான். வெளியே காத்திருக்கும் வாழைச்சேனைக் கறையான் அந்தச் சர்வதேச ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. பைன் மரம் அதற்குப் பலகாரம். இன்னொன்றையும் முத்திரை சொல்லாது: அந்தப் பலட்டின் மேல் ஏறி வந்தது என்ன என்பது. பூச்சிமருந்துக் கலன் ஒழுகி ஊறிய எச்.டி. பலகையில் பிள்ளைக்குக் கட்டில் செய்வதைவிட, தரையோடு ஏறிவந்த பலகையைத் தேடுவது புத்தி. கறையையும் மணத்தையும் பார்க்கிற மூக்கு, முத்திரையைப் படிக்கிற கண்ணைவிட இங்கே பெரிய அதிகாரி.

இந்த இடத்தில் அவருக்காக வாதாடுகிறவர்கள் எழும்புவார்கள். அவர் மரம் வெட்டாமல் காடு காக்கிறார் அல்லவா என்பார்கள். காட்டைப் பற்றிய கவலை நியாயமானது. முதிரையும் பாலையும் வன்னியிலும் கிழக்கிலும் குறைந்துவிட்டன. ஒரு முதிரைத் துண்டை லொறியில் ஏற்றினால் வழியில் பெர்மிட் கேட்பார்கள். ஆனால் பலட் அண்ணன் இந்தச் செற்றியைச் செய்யாமல் விட்டிருந்தால் முதிரையில் செற்றி செய்வித்திருப்பாரா? பிளாஸ்டிக் கதிரை நான்கு வாங்கி, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, விறாந்தை மூலையில் வைத்திருப்பார். ஆகவே அவர் காப்பாற்றியது முதிரை மரத்தை அல்ல, பிளாஸ்டிக் கதிரையை. அதுவும் முழுக்க இல்லை. செற்றியை இரண்டு பேர் சேர்ந்துகூட நகர்த்த முடியாது என்பதால், வருகிறவர்களுக்குப் போட நான்கு கதிரையும் பிறகு வாங்கப்படுகின்றன.

இதைவிடக் கனமான வாதம் உள்ளூர்ப் பெருமையிலிருந்து வரும். வாழைச்சேனை உலகத்துக்குத் தெரிந்ததே கழிவிலிருந்து பொருள் செய்ததால்தான். 1950களில் இங்கே எழுந்த காகித ஆலை, அறுவடைக்குப் பின் வயலில் கிடந்த வைக்கோலைக் கூழாக்கித் தாள் செய்தது. நாட்டின் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதிப் பார்த்த கொப்பிகளில் மட்டக்களப்பு வயல்களின் வைக்கோல் இருந்தது. அந்த மண்ணில் பிறந்தவர் பலட்டைக் கண்டால் சும்மா இருப்பாரா? நல்ல கேள்வி, ஆனால் ஆலையின் பாடம் இவருக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. வைக்கோல் இழை குட்டையானது. அதில் தாள் வரும். உறுதி வேண்டுமென்றால் நீண்ட இழைக் கூழ் கலக்க வேண்டும். ஆலைக்காரர்களுக்கு இது தெரிந்திருந்தது. வைக்கோலால் என்ன முடியுமோ அதை அதனிடம் கேட்டார்கள். வைக்கோலைப் பின்னி அலுமாரி செய்து, "தொட்டுப் பாருங்க, வைக்கோல் எண்டு சொல்லுவீங்களா?" என்று வருகிறவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பலட் அண்ணன் கேட்பது அதைத்தான். அவருடைய வெற்றியின் அளவுகோல், பலட் பலட்டாகத் தெரியாமல் இருப்பது. படித்த பலட் அண்ணன்களிடம் இதற்கும் ஒரு மறுமொழி உண்டு: நெதர்லாந்தின் பெரிய வடிவமைப்பாளர் கெரிற் ரீட்வெல்ட் 1934இலேயே பொதிப்பெட்டிப் பலகையில் கதிரை செய்தார் என்பார்கள். செய்தார். ஆனால் அவர் கதிரையில் பலகை பலகையாகவே தெரியும், ஒட்டும் இல்லை, பூச்சு வேலையும் இல்லை. யாரும் வீட்டில் பூட்டிக்கொள்ளலாம் என்பதே அதன் நோக்கம். நம்மவர் வார்னிஷில் பர்மாத் தேக்கு நிறம் தேடுகிறார்.

அப்படியானால் பலட் எதற்குத்தான் நல்லது? அது முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிற விடையை நாம் கேட்பதில்லை. ஒரு பொருளைத் தரையிலிருந்து ஐந்தரை அங்குலம் உயர்த்திப் பிடிப்பதும், கீழே காற்றுப் போக விடுவதும்தான் அதன் தொழில். வாழைச்சேனைக்கு இதைவிடத் தேவையான தொழில் உண்டா? ஒரு பக்கம் வாவி, ஒரு பக்கம் கடல், மாரியில் மேலிருந்தும் கீழிருந்தும் தண்ணீர். பெரும்போக நெல்லைச் சீமெந்துத் தரையில் அடுக்கினால் அடிமூட்டை ஈரம் உறிஞ்சிப் பூஞ்சணம் பிடிக்கும். பலட்டின் மேல் வைத்து, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்கினால் அடுத்த போகத்து விதைநெல்லும் முளைதிறனோடு இருக்கும். இதற்குப் பலட் அண்ணன் செய்ய வேண்டிய தச்சு வேலை, பலட்டைக் கீழே வைப்பது. ஆட்டுக்கொட்டில் அடுத்தது. பரண் போட்ட கொட்டிலில் புழுக்கையும் மூத்திரமும் இடைவெளியால் கீழே விழுந்துவிடும், குளம்பு அழுகாது, எரு தனியாகச் சேரும். இங்கே கொஞ்சம் வேலை இருக்கிறது: ஐரோப்பிய பலட்டின் மேற்பலகைகளுக்கிடையே ஏறத்தாழ நான்கு சென்றிமீற்றர் இடைவெளி, அதில் குட்டியின் கால் இறங்கி முறியும். ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு சட்டம் அடித்து விரலளவாகக் குறைத்துவிட வேண்டும். இந்த வேலையை அவர் அரை நாளில், அலட்சியமாக, வாயில் வெற்றிலையோடு பேசிக்கொண்டே முடித்துவிடுவார். பார்ப்பவர் யாரும் பாராட்டுவதில்லை, ஆடும் பாராட்டுவதில்லை. ஆனால் அந்தப் பரண் ஐந்து மாரி கண்டு நிற்கும். மீன் வாடியில் கருவாடு மணலில் படாமல் காய நான்கு கால் நாட்டி, பிரித்த பலகையில் சட்டம் கட்டி, மேலே பழைய வலை விரித்த தட்டு இன்னொன்று. கிணற்றடியில் சேறு மிதிக்காமல் நிற்க ஒன்று, கோழி அடைகிற இடத்தில் ஒன்று, சந்தையில் வெங்காய மூட்டைக்குக் கீழே ஒன்று. இவை எல்லாவற்றிலும் பலட் தான் பிறந்த வேலையையே செய்கிறது. கறையான் தின்றால்? தின்னட்டும், அடுத்த லொறி வந்ததும் ஒன்றை எடுத்துப் போட்டால் சரி. செற்றியைத் தின்றால் ஒரு மனிதனின் ஆறு மாதம் போகிறது.

இவ்வளவு தெரிந்தும் அவர் ஏன் செற்றிக்குத் திரும்புகிறார் என்றால், அதற்குப் பொருளாதாரக் காரணம் இல்லை. வீட்டுக்கு வருகிற யாரையும் ஆட்டுக்கொட்டிலுக்குக் கூட்டிப்போய், "இது எத்தன ரூபா மதிப்பு, சொல்லுங்க பாப்பம்" என்று கேட்க முடியாது. செற்றி விறாந்தையில் இருக்கிறது. தேத்தண்ணி வரும்வரை வருகிறவர் அதில் உட்கார்ந்தே ஆக வேண்டும். உட்கார்ந்ததும் முதுகு எங்கோ ஒரு கட்டையில் முட்டும். வலியை மறைத்து, "கடையில வாங்கினதா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், ஆறு மாதத்துக்கான கூலி அந்த நொடியில் கைக்கு வந்துவிடும். பணத்தால் கிடைக்காத கூலி என்பதால் அதைக் கேலி செய்வதும் கடினம். மனைவி மட்டும் உள்ளிருந்து, "இஞ்சாருங்க, அந்தக் கோழிக்கூட்டுக் கதவு எப்ப?" என்று கேட்பார். கோழிக்கூட்டுக் கதவுக்கு ஒரு மணித்தியாலம் போதும். அதனால்தான் அது நடப்பதில்லை.

எல்லா வழக்கையும் முடிவில் மாரி தீர்த்து வைக்கிறது. 2011 ஜனவரியில் மாவட்டமே தண்ணீரில் நின்றது போன்ற வெள்ளம்தான் வர வேண்டுமென்பதில்லை. சாதாரண மாரியிலேயே தாழ்ந்த வளவுகளில் விறாந்தை வரைக்கும் தண்ணீர் ஏறுவதுண்டு. அந்த இரவில் வீட்டில் உயரமாக, கனமாக, நகராமல் நிற்கிற ஒரே பொருள் செற்றி. மெத்தையைத் தூக்கி அலுமாரி மேலே எறிந்துவிட்டு, நெல் மூட்டைகளை ஒவ்வொன்றாகச் செற்றியில் ஏற்றுவார்கள். இழைத்து, ஒட்டி, சான்ட் பேப்பர் போட்டு, தேக்கு நிறம் பூசிய பலட், இப்போதுதான் முதல் முறையாகத் தன் வேலையைச் சரியாகச் செய்யத் தொடங்கும். காலையில் தண்ணீர் வடிந்ததும் பலட் அண்ணன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பார்ப்பார். ஒரு மூட்டையும் நனையவில்லை. வேலியருகில் நிற்கும் அயலவரைக் கூப்பிட்டு, "பாத்தீங்களா, எட்டு மூட்டை! விடிய விடியத் தாங்கியிருக்கு!" என்பார். ஆணி பிடுங்காத ஒரு ஐரோப்பிய பலட்டின் அனுமதிக்கப்பட்ட சுமை 1500 கிலோ என்பதை அந்த நேரத்தில் எடுத்துச் சொல்வது அயலவருக்கு அழகல்ல.