பித்தம் என்று தீர்ப்பாயிற்று

போன சனிக்கிழமை எடுத்த படம் எங்கள் குடும்பப் புலனக் குழுவில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ரோலர் கோஸ்டர் பள்ளத்தில் பாயும்போது நம்மைக் கேட்காமலே எடுத்து, வெளியே வரும் வழியில் மாட்டிவைத்து, நமக்கே விற்கிறார்களே, அந்தப் படம். அக்கா மகன் வாங்கியிருக்கிறான். எத்தனை வெள்ளி கொடுத்தாய் என்றால் சிரிக்கிறான். முன்வரிசையில் இரண்டு பெண்கள் கைகளைத் தூக்கிக் கூச்சலிடுகிறார்கள். பின்வரிசையில் அவன் நாக்கை நீட்டுகிறான். பக்கத்தில் நான், கண் திறந்திருக்க, எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறேன். "மாமா தியானத்தில்" என்று தலைப்பு வேறு. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அடுத்த நிமிடம் பெரிய அத்தையிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. "தம்பிக்குப் பித்தம் ஏறியிருக்கு. மூஞ்சியே சொல்லுது." அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பூங்காவின் பெயர் வேண்டாம். சரிவில் இறங்கும்போது ஒன்றும் இல்லை. வயிறு தொண்டைக்கு வந்தது, அதற்குத்தானே காசு கட்டினோம். அடிப்பள்ளத்தில் வண்டி மேல்நோக்கி வளைந்தபோது உடம்பு இருக்கைக்குள் அமுங்கியது. முதலில் நிறம் போயிற்று. எதிரே இருந்த பச்சை மரமும் முன்னால் இருந்த சிவப்புச் சட்டையும் ஒரே சாம்பல். பிறகு இரண்டு ஓரமும் இருண்டு நடுவில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். காது நன்றாகவே கேட்டது. அக்கா மகன் கத்திய வார்த்தை ஓர் எழுத்து விடாமல் நினைவிருக்கிறது, இங்கே எழுத முடியாது. மேட்டில் ஏறியதும் நிறம் திரும்பிவிட்டது. நான் மயங்கவில்லை. எதுவும் சுற்றவும் இல்லை. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு குழம்பினால் உலகம் சுழலும், குமட்டும். என் உலகம் நின்ற இடத்திலேயே நின்றது, வண்ணம் மட்டும் போய் வந்தது.

இதை அத்தையிடம் பொறுமையாக விளக்கினேன். "அதான்டா பித்தம்" என்றார்.

இப்படிக் கண் மங்காமல் சமாளிக்க நான்கு வழிகள் இருக்கின்றன. எளிய வழிகள், செலவும் இல்லை. அவற்றை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன், எழுதிவிடுவேன். அதற்கு முன் இந்தப் பித்தத்தை ஒரு வழி பண்ணியாக வேண்டும்.

நம் வீடுகளில் ஒருவருக்குத் தலை லேசாக ஆடினால் போதும், மருத்துவக் குழு கூடிவிடும். வெறும் வயிற்றில் ஏறியிருப்பான் என்றார் மாமா. இல்லை, இரண்டு பொட்டலம் நாசி லெமாக் தின்றான், நானே பார்த்தேன் என்றார் சின்ன அத்தை. தூக்கமில்லை, ராத்திரி முழுக்கக் கைப்பேசி என்று ஈப்போவிலிருந்து சித்தப்பா தீர்ப்பு அனுப்பினார். அவர் என்னை நேரில் பார்த்தே வருடக்கணக்காகிறது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று "மாசோக் ஆங்கின்" என்றார், காற்று புகுந்துவிட்டதாம். அந்த வேகத்தில் வாயைத் திறந்துகொண்டு போனால் காற்று புகாமல் என்ன செய்யும், அவர் சொன்னதில் மட்டும் எனக்கு மறுப்பில்லை. மறுநாள் பசியாறப் போன வன்தான் மீ கடையில் சீனப் பெரியவர் என் முகத்தைப் பார்த்து, உடம்பில் சூடு என்றார். எங்கள் ஊர் பொந்தியானுக்கு வருகிறவர்கள் வன்தான் மீ சாப்பிடாமல் போவதில்லை. மீயோடு நோய் என்னவென்பதும் இலவசமாகக் கிடைக்கும் என்பதை எந்தச் சுற்றுலாக் கையேடும் எழுதுவதில்லை.

மலேசியாவில் மூன்று இனமும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போவது அடிக்கடி காணக் கிடைப்பதல்ல. என் தலை விஷயத்தில் ஒத்துப்போனார்கள். காரணம் ஆளுக்கு ஒன்று, மருந்து ஒன்றே: கோடாலித் தைலம்.

தைலத்தின் மேல் எனக்குப் பகையில்லை. 1928-இல் சிங்கப்பூரில் பிறந்தது. அக்கரையிலும் இக்கரையிலும் பல தலைமுறை நெற்றிகளைப் பார்த்த மருந்து. என் பகையெல்லாம் அத்தையின் கட்டைவிரலோடுதான். அத்தை எங்கே போனாலும் கைப்பையில் புட்டி இருக்கும். அது தொலைந்தால் என்ன செய்வது என்று உள் பையில் இன்னொன்று. கைப்பையே தொலைந்தால்? மாமாவின் சட்டைப்பையில் மூன்றாவது. கோலாலம்பூர் பேருந்தில் யாராவது கொட்டாவி விட்டால் மூடி திறக்கும். கல்யாண மண்டபத்தில் சந்தனம், மல்லிகை, பிரியாணி மூன்றையும் அடக்கிக்கொண்டு அந்த வாசம் எழும். மாப்பிள்ளைக்கு வேர்த்திருக்கும், அவ்வளவுதான், நெற்றியில் பட்டம் கட்டிய இடத்துக்குக் கீழே ஒரு தேய்ப்பு. தைப்பூசத்தில் காவடி எடுப்பவருக்கு, இழவு வீட்டில் அழுபவருக்கு, அழாமல் இருப்பவருக்கும் முன்னெச்சரிக்கையாக. கொசு கடித்தால், கால் பிசகினால், பல் வலித்தால், பரீட்சை என்றால். என் தங்கைக்குக் காதல் தோல்வி வந்தபோதும் ஒரு மாதம் வீடெல்லாம் அந்த வாசம்தான்.

தேய்ப்பதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. நெற்றி, பொட்டு, காதுக்குப் பின்னால், மூக்கு, தொண்டைக்குழி, தொப்புள், உள்ளங்கால். நோய் எங்கே என்று கேட்பதெல்லாம் கிடையாது, வரிசை மாறக்கூடாது. நெற்றியில் தொடங்கும் கட்டைவிரல் புருவத்தைத் தாண்டும்போது கண்ணைத் தொடாமல் போனதாகச் சரித்திரமே இல்லை. கண்ணில் நீர் வழியும். "பாத்தியா, பித்தம் தண்ணியா இறங்குது" என்பார் அத்தை. கண்ணைக் கழுவ எழுந்தால், "எழுந்திரிக்காதே, படு" என்று மறுபடி அமுக்குவார். தலை கிறுகிறுத்த நாளாக இருந்தால் பத்து நிமிடத்தில் எனக்குச் சரியாகிவிடும். குழு முழுக்கக் கைதட்டல் படங்கள் வந்து குவியும்.

சரியாவதற்குக் காரணம் இதுதான்: அத்தை என்னைப் படுக்க வைக்கிறார். படுத்தால் இதயமும் தலையும் ஒரே மட்டம், இரத்தம் ஏறிப் போக வேண்டிய உயரமே இல்லை. தைலத்தில் இருக்கும் மென்தால் தோலில் குளிரை உணரும் நரம்பைத் தூண்டும். தோல் தான் குளிர்ந்துவிட்டதாக நம்பும். மூளைக்கு ஒரு சொட்டு இரத்தமும் அதனால் கூடுதலாகப் போகாது. வேலை செய்தது தரையில் விரித்த பாய், பேர் வாங்கியது புட்டி. இதைக் குழுவில் எழுதினேன். பெரிய அத்தை கும்பிடும் கைப்படம் ஒன்றைப் போட்டார். அதற்கு அர்த்தம், பேச்சு முடிந்தது.

நான்கு வழிகள் என்றேன் அல்லவா, வருகிறேன். காரணம் தெரிந்தால்தான் வழி புரியும்.

இதயத்திலிருந்து கண்ணுக்கு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். சும்மா நிற்கும்போதே இந்த ஏற்றத்தில் இரத்த அழுத்தம் 22 போலக் குறைகிறது. கிளினிக்கில் கையில் கட்டிப் பார்த்து 120 என்றால், கண்ணருகே 98தான். ரோலர் கோஸ்டர் பள்ளத்தில் நம் எடை நான்கு மடங்கானால், அதாவது 4 ஜி என்றால், அந்தக் குறைவும் நான்கு மடங்கு. 120-இல் 88 போய்விட்டது, மிச்சம் 32. கண்ணுக்கு உள்ளேயும் 10 முதல் 21 வரை சொந்த அழுத்தம் உண்டு. வருகிற இரத்தம் அதைத் தள்ளிக்கொண்டுதான் நுழைய வேண்டும். காலையில் எல்லா வீட்டிலும் குழாயைத் திறந்தால் அடுக்குமாடியின் மேல்தளத்துக்குத் தண்ணீர் நூலாக வருமே, அந்த நிலைமை. மூளைக்கு அந்தத் தடை இல்லாததால் அது இன்னும் கொஞ்சம் தாங்கும். ஆகவே முதலில் நிறம் போகும், பிறகு ஓரம் இருளும், பிறகு எல்லாமே இருளும், அதற்கும் பிறகுதான் நினைவு. பயிற்சி இல்லாதவருக்கு 3, 4 ஜி சில விநாடி நீடித்தாலே முதல் கட்டம் வந்துவிடும். கழுத்து இரத்தக் குழாயில் அழுத்தத்தைக் கவனிக்கும் உணர்விகள் இருக்கின்றன, இதயத்துக்குச் சேதி அனுப்பவும் செய்கின்றன. ஆனால் இதயமும் இரத்தக் குழாய்களும் ஈடுகொடுக்கச் சில விநாடி ஆகும். அதற்குள் வண்டி அடுத்த மேட்டைத் தாண்டிவிடும், படமும் எடுத்துவிடுவார்கள்.

இது எனக்கு மட்டும் வந்த பித்தமும் அல்ல. 1895-இல் நியூயார்க்கின் கோனி தீவில் ஃபிளிப் ஃபிளாப் என்று ஒரு தலைகீழ் வளையம் கட்டினார்கள். சரியான வட்டம். அடியில் 12 ஜி அளவுக்கு அமுக்கும் என்று கணக்கிடுகிறார்கள். கழுத்து பிசகியவர்கள் ஏராளம். ஏறியவர்களை வேடிக்கை பார்க்கவும் கூட்டம் கூடியது. அந்த வேடிக்கை பார்த்தவர்கள்தான் என் ஆட்கள். 1976-இல் கலிபோர்னியாவில் ஜெர்மன் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கல் வளையத்தை மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் வரைந்த பிறகுதான் முழு வளையத்தில் போவது உடம்புக்கு ஒத்து வந்தது. அப்புறமும் ஓய்ந்ததா? 2010-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 305 அடி உயரத்தில் இன்டிமிடேட்டர் 305 திறந்தார்கள். முதல் திருப்பத்திலேயே பயணிகளுக்குக் கண் மங்கியது. வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்கள், பிறகு தண்டவாளத்தையே மாற்றினார்கள். 2001-இல் டெக்சாசில் ஒரு கார்ப் பந்தயம். ஓடுபாதையின் சரிவில் 5 ஜி-க்கு மேல் அமுக்கியதால் பயிற்சியிலேயே பெரும்பாலான ஓட்டுநர்களுக்குத் தலை கிறுகிறுத்து, பந்தயம் நடக்க வேண்டிய நாளில் அதை ரத்து செய்துவிட்டார்கள். தண்டவாளத்தை மாற்றினார்கள், பந்தயத்தை நிறுத்தினார்கள், ஆனால் யாருக்கும் பித்தம் என்று சொல்லவில்லை. அங்கே எங்கள் அத்தை இல்லை.

நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் ஷேக் முஸாபர் ஷுக்கோர் 2007 அக்டோபரில் பூமிக்குத் திரும்பியபோது, சோயுஸ் கலம் வழக்கத்தைவிடச் செங்குத்தாக இறங்கியது. ரோலர் கோஸ்டரெல்லாம் அதன் முன் தூசு. மனிதர் நலமாகவே வந்து சேர்ந்தார். சோயுஸ் இருக்கையில் மல்லாந்து, முழங்காலை மடக்கிப் படுத்திருப்பார்கள். விசை நெஞ்சிலிருந்து முதுகுக்குப் போகும், தலையிலிருந்து காலுக்கு அல்ல. இரத்தம் காலுக்கு ஓடவே முடியாது. அத்தையின் பாய்தான், ரஷ்யாக்காரன் செய்தது.

பொந்தியானில் ரோலர் கோஸ்டர் கிடையாது. அன்னாசி விளையும் சதுப்பு மண்ணில் போட்ட சாலைகள் இருக்கின்றன, காடியில் வேகமாகப் போனால் ஓரளவு அதே அனுபவம், கட்டணம் இல்லை. 2012-இல் இஸ்கண்டார் புத்ரியில் லெகோலேண்ட் திறந்த பிறகு பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே டிராகன் வண்டி கிடைத்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள், பெரிய வண்டி கேட்கிறார்கள். டிக்கெட் வாங்கியாயிற்று, கீழே நின்று பை காக்கிறேன் என்றால் விடுகிறார்களா? "காசு கொடுத்தாச்சு, ஏறு" என்று தள்ளிவிடுவார்கள். தள்ளியவர்களே பிறகு நெற்றியில் தேய்க்கவும் வருவார்கள்.

சரி, வழிகள். முதலாவது, போர் விமானிகள் செய்வது. பள்ளம் வருவதற்கு முன்பே கெண்டைக்கால், தொடை, பின்புறம், அடிவயிறு நான்கையும் இறுக்குங்கள். மூச்சை இழுத்து அடக்கி, சிறு சிறு இடைவெளியில் சட்டென்று விட்டு மறுபடி இழுங்கள். காலுக்கு ஓடும் இரத்தத்துக்கு இடமில்லாமல் போகும். பள்ளத்தில் இறங்கிய பிறகு இறுக்கிப் பயனில்லை. இரண்டாவது, தண்ணீர். வெயிலில் மணிக்கணக்காக வரிசையில் நின்று வேர்த்து ஏறினால் இரத்த அளவே குறைந்திருக்கும். (மாமா சொன்ன வெறும் வயிறும் இதில் சேரும். அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.) மூன்றாவது, இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஏறுவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

நான்காவதை எழுதப் போகும்போது வாசலில் காடி நிற்கும் சத்தம் கேட்டது. பெரிய அத்தை, கைப்பையோடு. நான்காவதை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

வாசகர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். ரோலர் கோஸ்டரில் நொடி நேரம் கண் மங்கித் தெளிந்தால் அது உங்கள் இரத்தத்தின் எடை, பயப்படாதீர்கள். வீட்டில் சும்மா நிற்கும்போது மங்கினாலோ மயங்கினாலோ கிளினிக்குக்குப் போங்கள், குடும்பக் குழுவுக்கு எழுதாதீர்கள். எதுவானாலும் தைலத்தை அவரவர் நெற்றியில் அவரவரே தேய்த்துக்கொள்ள விடுங்கள்.