அமலாதித்யனும் அரைப்புள்ளியும்

நாடகக் குழு நடத்தும் அண்ணன் ஒருவருக்கு ஒத்திகைக் கூடத்துச் சுவர் காலியாகக் கிடப்பது உறுத்தியது. "பேர்பெற்ற நாடக வசனங்களை வெறும் எழுத்தாவே போஸ்டர் போட்டுக் குடுடா. படமெல்லாம் வேண்டாம்" என்றார். எனக்குக் கம்ப்யூட்டரில் எழுத்துரு மாற்றத் தெரியும். அவர் கணக்கில் அதுவே ஓவியக் கல்லூரிப் பட்டம்.

முதலில் ஹாம்லெட். பம்மல் சம்பந்த முதலியார் 'அமலாதித்யன்' ஆக்கிய அதே டென்மார்க் இளவரசன். (மாக்பெத்தை அவர் 'மகபதி' ஆக்கினார். பெயர் சூட்டுவதில் மனிதரை அடித்துக்கொள்ள ஆளில்லை.)

ஊரறிந்த அந்தத் தனிமொழியின் தொடக்கம் ஆங்கிலத்தில் ஆறே சொல், 13 எழுத்து. எந்தச் சொல்லும் மூன்றெழுத்தைத் தாண்டாது. ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் செங்கல் அடுக்கியதுபோல உட்கார்ந்துவிடும். நான் செய்த தமிழாக்கமோ இரண்டே சொல். இரண்டும் 'இ'யில் தொடங்கும், இரண்டும் ஆளுக்கொரு முழம் நீளம். பெரிதாக்கினால் தாளைவிட்டு ஓடுகிறது. உடைத்தால் இளவரசன் திக்குகிறான். வரிகளை நெருக்கினேன், மேல் வரி 'ரு'வின் வால் கீழ் வரி 'ப்'பின் புள்ளியை விழுங்கியது. எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைத்தேன்; 'தா'வின் கால் கழன்று, பஸ்ஸைத் தவறவிட்டவன்போல ஓரமாக நின்றது.

அண்ணன் பார்த்தார். "மண்டை ஓடு எங்கடா?"

"படம் வேண்டாம்னீங்களே?"

"ஹாம்லெட்டுக்கு மண்டை ஓடு இல்லாமலா?"

அந்தப் பேச்சு மூன்றாம் அங்கம். மண்டை ஓடு வருவது ஐந்தாம் அங்கத்து இடுகாட்டில். சொன்னேன். கேட்டால்தானே! போட்டேன். டிரான்ஸ்ஃபார்மரில் தொங்கும் 'அபாயம்' பலகைக்கும் அதற்கும் இரண்டு எலும்புதான் வித்தியாசம்.

பென் டிரைவை அச்சுக் கடையில் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனேன். அங்கேதான் வினை. நான் அடித்திருந்தது பாமினியில். அது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ்ச் சட்டை மாட்டிவிடும் பழைய எழுத்துரு. கடைக் கம்ப்யூட்டரில் அது இல்லையென்றால் சட்டை கழன்றுவிடும். கழன்றது. 'இ' இருந்த இடத்தில் காற்புள்ளி. மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளியாகி நடுவில் நின்றது. மிச்சமெல்லாம் வாயில் நுழையாத ஆங்கில எழுத்துகள். மண்டை ஓடு மட்டும் பிசகாமல் வந்திருந்தது. கடைப் பையன் சந்தேகமே படாமல் லேமினேட்டும் செய்து அனுப்பிவிட்டான்.

திரும்பி வந்து, ஓடிப்போய் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் போஸ்டர் சுவரில் ஏறியிருந்தது. அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, ரசித்துக்கொண்டிருந்தார்.

"மூலத்துலயே போட்டுட்டியே, சபாஷ்! 400 வருஷத்து இங்கிலீஷ் இல்ல? நமக்கெல்லாம் சட்டுனு புரியாது."

அடுத்து மகபதி வேண்டுமாம். அதுவும் மூலத்திலேயே.