உறை ஊற்றினால் உடனே தயிரா?

கேள்வி: கடல்மீன் தொட்டியில் நல்ல பாக்டீரியா பாட்டிலை ஊற்றிவிட்டேன். நாளைக்கே மீன் விடலாமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: உறை ஊற்றிய கையோடு தயிர் கேட்கிறீர்களே! மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா விஷம். அதை ஒரு பாக்டீரியாக் கூட்டம் நைட்ரைட்டாக்கும், அதுவும் விஷமே. இன்னொரு கூட்டம்தான் அதை நைட்ரேட்டாக்கிச் சாதுவாக்கும். இவை தாமாகப் பெருக நாலைந்து வாரம் ஆகும். பாட்டில் அதைக் குறைக்கலாம். இரண்டு விஷமும் சோதனையில் பூஜ்யமானால் மீன் விடுங்கள். உங்கள் ஊருக்கு வரும் ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீரே ஆனாலும், குழாயில் வரும்போது குளோரின் கலந்திருக்கும். முதலில் அதை நீக்குங்கள். இல்லையேல் பாக்டீரியாவே சாகும்.

ஒரு வேண்டுகோள். பாக்டீரியா குடியிருக்கட்டும் என்று ராமேஸ்வரத்திலிருந்து பவளப்பாறையைப் பெயர்த்து வராதீர்கள். 2001 முதல் அதற்கும் புலிக்கும் வனவிலங்குச் சட்டத்தில் ஒரே அட்டவணை. கடையில் விற்கும் செராமிக் வளையங்களே போதும்.