மேகமா, லிங்கமா?

கேள்வி: கார்த்திகை தீபம் நெருங்கினாலே, மலை உச்சியில் மேகம் சிவலிங்கமாக நிற்கும் படம் குடும்ப வாட்ஸ்ஆப்பில் வந்துவிடுகிறது. அது நம்ம மலைதானா என்று எதில் தேடுவது?
– ஒரு வாசகி, வேங்கிக்கால், திருவண்ணாமலை

பதில்: கூகுள் லென்ஸ், வரன் பார்க்கும் தரகர் மாதிரி. ஒன்று கேட்டால் "இதே மாதிரி" நாற்பது மலை காட்டும். கூடவே லிங்கம் விற்கும் கடையும். கனடாவில் 2008-ல் பிறந்த டின்ஐ என்ற படத்தேடல் தளம், உங்கள் ஊர் கலெக்டர் ஆபீஸ் ரெக்கார்டு கிளார்க். 'மாதிரி' எல்லாம் அங்கே செல்லாது. அதே படம்தான் வேண்டும்; வெட்டியிருந்தாலும், நிறம் மாற்றியிருந்தாலும் பிடித்துவிடும். பழையது முதலில் என்று அடுக்கவும் செய்யும். (அந்தத் தேதி, அது படத்தை முதலில் பார்த்த நாள்; எடுத்த நாள் அல்ல.) முகம், கட்டடம் என்றால் ரஷ்யாவின் யாண்டெக்ஸ் கில்லாடி. ஆனால் சொந்தக்காரர் முகங்களை அங்கே ஏற்றி விளையாடாதீர்கள்.

2,668 அடி மலை உங்கள் மொட்டைமாடியிலிருந்தே தெரியும். முதலில் அங்கே போய்ப் பாருங்கள். லிங்கம் ஏஐ வரைந்ததாக இருந்தால் டின்ஐயும் கையை விரிக்கலாம். குழுவில் அனுப்பிய பெரியப்பாவைக் கேட்டாலோ, "வந்துச்சு, அனுப்பினேன்" என்பார்.