எண்ணூருக்கு வந்த முதலீட்டாளர்

2024 ஜனவரியில் சென்னையில் உலக முதலீட்டாளர் மாநாடு நடந்ததே, அதில் ஒருவரை மட்டும் மேடையேற்றாமல் விட்டுவிட்டார்கள். பெயர் காக்கா ஆழி. பூர்வீகம் தென் அமெரிக்கா. எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் அவர் வளைத்துப் போட்டிருக்கும் இடத்தைப் பார்த்தால், அன்று கையெழுத்திட்ட கம்பெனிகள் வெட்கப்பட வேண்டும். ஒரு பொன்னாடைகூடப் போர்த்தவில்லை.

காலியாக ஓடும் கப்பல், நிலை தடுமாறாமலிருக்கக் கடல்நீரை வயிற்றில் நிரப்பிக்கொள்ளும். சரக்கேற்றும் துறையில் அதைக் கொட்டும். அந்த நீரில் குஞ்சாகவோ, கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டோ காக்கா ஆழி என்ற இந்தச் சிப்பி வந்து இறங்கும். சுற்றுச்சூழல் அனுமதி கிடையாது, கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது. (இதெல்லாம் முறைப்படி முடித்து எண்ணூருக்கு வந்தவர்கள் என்ன வாழவைத்தார்கள் என்று கேட்காதீர்கள்.) கப்பல் நீரை இப்படிக் கண்டபடி கொட்டக்கூடாது என்று உலக நாடுகள் ஒப்பந்தம் எழுதியது 2004-இல், அது நடைமுறைக்கு வந்தது 2017-இல். 13 வருஷம் காத்திருக்கச் சிப்பிக்குப் பொறுமையில்லை.

வந்தவருக்கு வீடும் தயார். அனல்மின் நிலையத்துச் சுடுநீரையும் சாம்பலையும் கொசஸ்தலை ஆற்றில் விட்டு, உள்ளூர் உயிர்களை ஏற்கெனவே காலி செய்து வைத்திருந்தோம். அவர் பாய் விரித்ததுபோல் சேற்றை மூடிக்கொண்டார். பதுங்கச் சேறு தேடும் இறாலுக்கு நுழைய வழியில்லை. மஞ்சள் மட்டி அடியில் மூச்சுமுட்டிச் செத்தது. பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, தண்ணீருக்குள் கைகளால் துழாவி இறால் பிடித்துப் பிழைத்த இருளர் பெண்களுக்கு இப்போது விரலில் தட்டுப்படுவது ஓடு, ஓடு, மறுபடியும் ஓடு.

இதை அகற்ற 160 கோடி ரூபாய் ஆகும், துறைமுகம் கொடுக்கட்டும் என்றது மாநில நீர்வளத் துறை. நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்றது எண்ணூரின் காமராஜர் துறைமுகம். விவகாரம் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போயிற்று. அடப்பாவிகளா, கண்ணும் கையும் இல்லாத ஒரு சிப்பி, சமுத்திரம் தாண்டித் தானாகவா நடந்து வந்தது? ஏற்றி வந்தவனுக்குப் பெயரில்லை, இறக்கிவிட்டவனுக்கு முகவரியில்லை, இடம் ஒழித்துக் கொடுத்தவனுக்கு வெட்கமில்லை. கூண்டில் நிற்பது சிப்பி மட்டும். வாய்தாக்கள் நடக்கட்டும், அதற்குள் அது பேரன் பேத்தி எடுத்துவிடும்.

அகற்றும் வேலைக்கு ஆள் கிடைப்பது பற்றியும் கவலை வேண்டாம். முன்மாதிரி இருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் இதே எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் மிதந்தபோது, குடும்பத்துக்கு 12,500 ரூபாய் என்று விலை கட்டிவிட்டு, அள்ளுவதற்கு மீனவர்களையே வாளியோடு இறக்கினார்கள். இப்போதும் இறாலில்லாமல் கரையில் சும்மாதான் நிற்கிறார்கள். தினக்கூலிக்குக் கூப்பிட்டால் வருவார்கள். தங்கள் ஆற்றைத் தாங்களே வாரி எடுப்பார்கள். ஒப்பந்தக்காரர் பில் போட்டுக்கொள்ளலாம்.