ஆடி அமாவாசைக்குக் காடேறும் முறை

ஆழ்வார்குறிச்சிக்காரர்களே, சொரிமுத்து ஐயனாருக்கு நேர்ந்திருக்கிறீர்களா? நல்லது. கோயில் இருப்பது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள். 1962-ல் முண்டந்துறையைச் சரணாலயமாக்கி, 1988-ல் களக்காட்டையும் சேர்த்துத் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக்கினார்கள். ஐயனார் அதற்கெல்லாம் முந்தியவர். ஆகவே சட்டம் அவரைக் கட்டாது. அவர் பக்தரான உங்களையும் கட்டாது. முறை தவறாமல் செய்யுங்கள்.

1. குட்டியானை வண்டி பிடியுங்கள். யானை நடக்கிற காட்டுக்கு நாமும் ஒரு யானையோடு போவதுதான் மரியாதை. அண்டா, ஜெனரேட்டர், ஒலிபெருக்கி, கிடா என்று வரிசையாக ஏற்றுங்கள். இடமிருந்தால் சாமிக்கு மாலை.

2. பாபநாசம் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்பார்கள். தண்ணீர் பாக்கெட் மூட்டை மேல் பாட்டியை உட்கார வையுங்கள். பாட்டியை எழுப்பிப் பார்க்கும் வாட்சர் இன்னும் பிறக்கவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு அரசு பஸ்ஸில் போகச் சொன்னால் மட்டும் வழிபாட்டு உரிமை பேசுங்கள்.

3. அடுப்புக்குப் பட்ட மரமாகப் பார்த்து வெட்டுங்கள். அது நிற்பதால் யாருக்கு என்ன பயன்? மரங்கொத்திக்கும், அது விட்டுப்போன பொந்தில் குடியேறும் ஆந்தைக்கும்தான். இரண்டுக்கும் ஓட்டு இல்லை.

4. ஷாம்பூ பாக்கெட்டைப் பல்லால் கிழித்துக் குளியுங்கள். கட்டிய துணியை ஆற்றோடு விடுங்கள், பாவம் போய்விடும். துணி போகாது, பாறையிடுக்கில் சிக்கி நிற்கும். நீர்நாய்க்கும் குளிராதா? கீழே திருநெல்வேலியும் தூத்துக்குடியும் இதே தாமிரபரணியைத்தான் குடிக்கின்றன. உங்கள் பாவத்தை அவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

5. குரங்குக்கு முறுக்குக் கொடுங்கள். அடுத்த வருஷம் அது பையைப் பிடுங்கும்போது கத்துங்கள்.

6. பாட்டிலைப் பாறையில் அடித்து உடையுங்கள். அந்தக் கோயிலில் பட்டவராயர் சாமிக்குச் செருப்புக் காணிக்கை செலுத்துவார்கள். ராத்திரி அதைப் போட்டுக்கொண்டு அவர் காடு சுற்றுவதால்தான் செருப்பு தேய்கிறதென்பது நம்பிக்கை. செருப்பு அவருக்கு எதற்கு என்பது இப்போது எனக்குப் புரிகிறது. மிளாவுக்கு யாரும் காணிக்கை போடுவதில்லை.

7. மிச்சச் சோற்றைப் பாலிதீன் பையோடு கட்டி வீசுங்கள். அவிழ்த்துப் போட்டால் மண்ணாகிவிடும். உங்கள் அன்னதானம் நிலைக்க வேண்டாமா?

8. ஊர் திரும்பியதும் கடனாநதி அணையைப் பாருங்கள். 85 அடி நிரம்பவில்லையென்றால் மழையைத் திட்டுங்கள். தண்ணீர் தருவது மேலே உள்ள காடு என்று யாராவது ஆரம்பித்தால் டீ சொல்லிப் பேச்சை மாற்றுங்கள்.

9. வயலில் பன்றி இறங்கினால் விடாதீர்கள். வனத்துறைக்கு மனு எழுதுங்கள்: “ஐயா, இவை எல்லை தாண்டிக் கும்பல் கும்பலாக எங்கள் இடத்துக்குள் வருகின்றன. ராத்திரி முழுக்கத் தின்கின்றன. கண்டபடி மிதித்து நாசமாக்கிவிட்டு, விடிந்ததும் ஒன்றும் நடக்காததுபோலப் போய்விடுகின்றன.”