கனடாவுக்குப் பங்காளி கிடையாதுங்க

நம்ம ஊர்க் கதையைக் கார்ட்டூனாக எடுக்க ஒரு முக்கியமான தகுதி வேண்டும். எடுக்கிறவர் நம்ம ஊர்க்காரராக இருக்கக் கூடாது.

பம்பாயில் பிறந்த வெள்ளைக்காரர் கிப்ளிங் எழுதிய மோக்லி, மத்தியப் பிரதேசத்துச் சிவனி காட்டுப் பையன். அவனை 1989-ல் டிவி தொடராக வரைந்தது ஜப்பான். பிறகு தூர்தர்ஷன் அவனை இந்தியில் பேசவிட்டது. இந்தியில் ஒரு வார்த்தை தெரியாத கோயமுத்தூர்ப் பிள்ளைகள் அந்தத் தொடரின் தொடக்கப் பாட்டை மட்டும் பிசகாமல் பாடினார்கள். அதே கிப்ளிங்கின் கீரிப்பிள்ளைக் கதையை 1975-ல் அரை மணி நேரச் சிறப்புப் படமாக அமெரிக்க டிவிக்கு எடுத்தவர் சக் ஜோன்ஸ். ராமாயணத்தையே முழுநீளக் கார்ட்டூனாக்க நம்ம ராம் மோகனுடன் கூட்டுச் சேர்ந்தவர் ஜப்பானியர் யூகோ சாகோ. 1992-ல் படம் முடிந்தது.

இதெல்லாம் வடக்கத்திச் சமாச்சாரம் என்று விட்டுவிடலாம். எங்கள் கொங்கு நாட்டு அண்ணன்மார் சாமி கதைக்கு வருவோம். பொன்னர் சங்கர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கும் புரியும். கலைஞர் நாவலாக எழுதி, 2011-ல் பிரசாந்த் இரட்டை வேடத்தில் நடித்த கதை. எங்களுக்கோ அது அம்முச்சி மடியில் படுத்துக்கொண்டு கேட்டது. கொம்பன் பன்றி வரும் இடத்தில் போர்வையை இழுத்து மூடிக்கொள்வோம். அந்தக் கதையும் ‘பொன்னிவளநாடு’ என்று 26 பகுதி கார்ட்டூன் தொடராக வந்தது. எடுத்தவர் பிரெண்டா பெக். ஊர், கனடா.

1960-களின் நடுவில் ஆராய்ச்சிக்காகக் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் வந்து தங்கியவர் அவர். உடுக்கையடித்துப் பாடுகிறவர்களை உட்கார வைத்துப் பதினெட்டு இரவுகள் கதையை டேப்பில் பிடித்தார். அந்தப் பதினெட்டு இரவும் கண் விழித்துக் கேட்ட உள்ளூர்க்காரர் எத்தனை பேர் என்று கேட்டு நம் பெரியவர்களைச் சங்கடப்படுத்த நான் விரும்பவில்லை. கொங்குச் சமூகத்தைப் பற்றி 1972-ல் ஒரு புத்தகம், இந்தக் கதையைப் பற்றி 1982-ல் இன்னொன்று என்று எழுதிவிட்டு, கடைசியில் கார்ட்டூனுக்கு வந்து சேர்ந்தார். பெரிய ஸ்டுடியோப் பளபளப்பெல்லாம் அதில் கிடையாது. ஆனால் கதை முழுசாக இருக்கிறது.

“இத நாமளே எடுத்திருக்கலாமே” என்று, சொந்தத்தில் நடந்த ஒரு எழுதிங்கள் சீர்ப் பந்தியில் வாயைத் திறந்தேன். இலையில் ஒப்புட்டு விழுந்த நேரம். எல்லோரும் நல்ல மனநிலையில் இருந்தார்கள்.

“எடுக்கலாம் மாப்ள, தாராளமா எடுக்கலாம்” என்றார் பம்ப் செட் தொழிலில் இருக்கும் மாமா. “வளநாட்டுல வெவசாயம் பண்ற சீன் வருமல்ல? அங்க நம்ம மோட்டார் ஒண்ணு ஓடோணும்.” சோழ ராசா காலத்தில் கரண்ட் ஏது மாமா என்றேன். “கார்ட்டூன்தானுங்களே, வரஞ்சுக்கலாம்” என்று முடித்துவிட்டார்.

அடுத்து சித்தப்பா. “வில்லன் ஆருன்னு மொதல்ல சொல்லு.” அங்கேதான் சிக்கல். கதையின் முதல் பாதியில் வில்லன்களே பங்காளிகள்தான். பொன்னர் சங்கரின் அப்பாவான, தாய் தகப்பன் இல்லாத குன்னுடையாரைக் காட்டை விட்டுத் துரத்துவது, வாரிசு பிறந்தால் தீர்த்துக்கட்டப் பார்ப்பது என்று எல்லா வேலையும் செய்கிறவர்கள். நான் சொல்லி முடித்ததும் பந்தியில் ஒரு வரிசை முழுக்கச் சாப்பிடுவதை நிறுத்தியது. எதிர் வரிசை சிரித்தது. எங்கள் வீட்டில் ஒரு வரப்புத் தகராறு மூன்று தலைமுறையாகக் கோர்ட்டில் நடப்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

“எந்தக் கூட்டத்துப் பங்காளின்னு போடுவீங்க?” என்று ஒருவர். “மீசை எங்க பக்கத்து மீசை மாதிரி வரையப்படாதுங்க” என்று இன்னொருவர். வேட்டுவர் தலைவன் தலையூர் காளியை எப்படிக் காட்டுவது என்று பேச்சு நகர்ந்தபோது, நானே பாயசம் கேட்டுப் பேச்சை மாற்றினேன். அந்தக் கதையை வேட்டுவர் பக்கம் நின்று பார்க்கிறவர்கள் அடுத்த தெருவிலேயே இருக்கிறார்கள்.

பங்காளிகள் ஒத்துக்கொண்டாலும் குழந்தைகள் சேனல் ஒத்துக்கொள்ளுமா? குன்னுடையாரின் மனைவி தாமரை பிள்ளை வரம் கேட்டு 21 வருசம் தவம் இருக்கிறாள். விளம்பர இடைவேளைகளுக்கு இடையில் அதை எப்படிக் காட்டுவது? பிறக்கும் பிள்ளைகளுக்கு ஆயுசு பதினாறு வருசம்தான் என்று சிவன் வரத்திலேயே கணக்கை முடித்துவிடுகிறார். நாயகர்கள் இருவரும் செத்துப்போகும் கதைக்கு ‘மீண்டும் அடுத்த சீசனில்’ என்று போட முடியாது. சேனலுக்குப் பிடிக்கப்போவது பொன்னாச்சிதான். யாராலும் அடக்க முடியாத கொம்பன் பன்றியைச் சாய்க்க உதவும் குட்டி நாய். பென்சில் பாக்ஸ், டிபன் பாக்ஸ் எல்லாவற்றிலும் அதன் படத்தைப் போட்டு விற்கலாம். பன்றியை அது எந்த இடத்தில் கடித்தது என்பதை மட்டும் குழந்தைகளுக்குச் சொல்லக் கூடாது. அம்முச்சி சொல்லியிருக்கிறார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம்.

இப்போது புரிந்திருக்கும், கனடாக்காரரால் ஏன் முடிந்தது என்று. அவருக்கு இங்கே பங்காளி இல்லை, வரப்பு இல்லை, கூட்டம் இல்லை. மீசை யாருடையது என்று கேட்டுச் சண்டைக்கு வர ஆள் இல்லை. முழுக்கதையையும் பொறுமையாகக் கேட்டார், கேட்டதை வரைய வைத்தார். நாமோ கதையில் நம்ம பங்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டோம்.

அதற்காக நம்மால் எதுவுமே முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். யார் மீசையையும் தொடாத கதைகளும் நம்மிடம் இருக்கின்றன. மொடக்குறிச்சிப் பக்கத்தில் 1908-ல் பிறந்த பெரியசாமித் தூரன், தமிழ்க் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாகப் பதிப்பித்து, குழந்தைகளுக்கென்று இன்னொரு பத்துத் தொகுதியும் போட்ட மனிதர். குழந்தைகளுக்கு அவர் எழுதிய கதைகள் தனி. அவற்றைக் கார்ட்டூனாக எடுத்தால் பந்தியில் ஒருவரும் சாப்பிடுவதை நிறுத்த மாட்டார்கள். கோவையில் கம்ப்யூட்டரில் வரையத் தெரிந்த பிள்ளைகளுக்கும் பஞ்சமில்லை, ஒரு சீருக்கு ஆகும் செலவில் ஒரு பகுதி எடுத்துவிடக்கூடிய ஆட்களுக்கும் பஞ்சமில்லை.

அதுவும் ஆகாதென்றால், செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறதுங்க. இந்த நோம்பிக்கு ஊருக்குப் போகும்போது, கதை சொல்லத் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். நடுவில் பேசாதீர்கள். வில்லன் யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.